மாகாணி அங்குலப் பயம்

அந்தப் படகு பக்கத்து வீட்டு வாசலில் ஐந்து மாதம் குப்புறக் கிடந்தது. இந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு, அதில் பதினெட்டடி நீளத்துக்கு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். முதல் நாள் என் மனைவி சமையலறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, சப்பையா ஒரு பலகை மாதிரி இருக்கு. இதுல ரிப்பேர் பண்ண என்னங்க இருக்கு?" நானும் சிரித்தேன். அந்தக் கேள்விதான் இத்தனை நாள் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. இப்போதும் முழுதாகப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எழுதிவிட்டால் தூக்கமாவது வரும்.

எனக்குப் படகு பற்றி எதுவும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செட்டிநாட்டுப் பக்கம், எங்களுக்குக் கண்மாய்தான் கடல். படகின் முன்பக்கத்தை அணியம், பின்பக்கத்தை அமரம் என்று சொல்வார்கள் என்பதையே தெற்கு கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்து பல வருஷம் கழித்து ஒரு நாகப்பட்டினத்து நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க லேத் பட்டறையில் நின்றவர். ஒரு சனிக்கிழமை காலை, கொஞ்சம் கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். செயின் பிளாக்கில் அகலமான பெல்ட் இரண்டு மாட்டிப் படகைப் புரட்ட வேண்டும். புரட்டினோம். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கடுத்ததும். படகை எந்தப் பட்டறை செய்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் படகுகள் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், பட்டறைப் பெயரையும் நிறத்தையும் சொன்னால் வீட்டு எண் வரை கண்டுபிடித்துவிடுவார்கள்.

சப்பையாக இருப்பதன் அருமை

அமெரிக்காவில் இந்த மாதிரி வேகப் படகுக்கு ஃப்ளாட்பாட்டம், அதாவது சப்பை அடி, என்றே பெயர். பிறந்த இடம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியுள்ள பட்டறைகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கே என்னென்ன கிடந்தன என்று யோசித்தால் இது ஏன் இங்கே பிறந்தது என்பது விளங்கும். லாங் பீச்சில் டக்ளஸ் ஆலை 1941-இல் தொடங்கி விமானம் விமானமாகச் செய்து தள்ளியது. தகடு வெட்டவும் பிளைவுட் ஒட்டவும் தெரிந்த கைகள் ஏராளம். பழைய ஃபோர்டு காரைப் பிரித்து எஞ்சினை முறுக்கேற்றி வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்க்கும் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் அதைவிட ஏராளம். பிளைவுட்டுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு திசையில் வளைத்தால் வளையும், ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளைக்கப் போனால் பிளந்துகொள்ளும். அதைக்கொண்டு வீட்டுக் கராஜில் படகு செய்கிறவன் சப்பை அடிதான் வைப்பான். அவன் ஓட்டப்போவதும் கடலில் இல்லை. ஏரியிலும், பார்க்கர் அணைக்குக் கீழே கொலராடோ ஆற்றிலும், லாங் பீச்சில் 1932 ஒலிம்பிக் துடுப்புப் போட்டிக்காகக் கட்டிய மரைன் ஸ்டேடியத்திலும்தான். எல்லாம் கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

கண்ணாடித் தண்ணீரில் வேகத்துக்குச் சப்பை அடி தோதானது. படகு ஒரு வேகத்துக்கு மேல் போனால் நீரைக் கிழித்துப் போவதை விட்டுவிட்டு நீரின் மேல் ஏறிச் சறுக்க ஆரம்பிக்கும். அப்போது தட்டையான பரப்புதான் குறைந்த இழுவையில் அதிகத் தூக்கலைக் கொடுக்கும். அதே அடியைக் கடல் அலையில் கொண்டுபோனால் ஓட்டுகிறவன் முதுகெலும்பு தெறித்துவிடும். கிழக்குக் கரையில் ரே ஹண்ட் என்பவர் ஆழமான வி வடிவ அடியை வரைந்து, அந்த அடியோடு 'மோப்பி' என்ற படகு 1960-இல் மயாமி - நஸ்ஸாவ் கடல் பந்தயத்தில் ஜெயித்த பிறகு, உலகத்துப் படகுகளில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டன. இவர்கள் போகவில்லை. பிளைவுட்டிலிருந்து ஃபைபர் கிளாஸுக்கு மாறினார்கள், எஞ்சினை ஃப்ளாட்ஹெட் ஃபோர்டிலிருந்து கிரைஸ்லர் ஹெமிக்கும் செவர்லே வி-8க்கும் மாற்றினார்கள், அடி மட்டும் அப்படியே சப்பை. ஸ்கை இழுக்கும் படகாக ஆரம்பித்து, ஒருவனை ஒருவன் முந்தப் பார்த்து, அப்புறம் 1903-லிருந்து இருக்கிற அமெரிக்க விசைப்படகுச் சங்கத்தில் எஸ்கே என்று தனி வகுப்பே வந்தது. அந்த வகுப்புப் படகு மணிக்கு 100 மைலைத் தாண்டும். அந்த வேகத்தில் தண்ணீர் சிமெண்டுத் தரைக்குச் சமம்.

இது வரைக்கும் எவரும் சொல்லும் கதைதான். யாருடைய எஞ்சின், எத்தனை குதிரைத்திறன், யார் எந்த வருஷம் எவ்வளவு வேகம். பக்கத்து வீட்டுக்காரரும் காப்பிக் கோப்பையோடு இதையே மணிக்கணக்கில் சொல்வார். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து மரைன் ஸ்டேடியத்தில் பார்த்தாராம். படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடிக்குமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். துடுப்புப் பயிற்சிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கரையில் நின்று அந்த நீள வாக்கான தண்ணீரைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்தக் கோடியில் திரும்ப வேண்டுமே, இந்தச் சப்பைப் பலகையை எப்படித் திருப்பினார்கள்?

திருப்புவது எப்படி

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அவர் என்னை மதித்துப் பேச ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். சப்பை அடிக்குத் தண்ணீரில் பிடிமானமே கிடையாது, சுக்கானைத் திருப்பினால் எண்ணெய்ச் சட்டியில் விட்ட தோசைத் திருப்பி மாதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அதற்காக அடியில் ஒரு துடுப்புத் தகடு, ஃபின். சரி, ஃபின் பிடிக்கிறது, படகு வழுக்குவது குறைகிறது. ஆனால் கொஞ்சம் வழுக்கத்தானே செய்யும், அப்போது பக்கத்து விளிம்பு தண்ணீரில் குத்திக்கொண்டால் படகு அப்படியே உருண்டுவிடும். அதனால் அந்த விளிம்பை நீளத்துக்கும் சாய்வாகச் சீவிவிட்டார்கள், அதற்குப் பெயர் நான்-ட்ரிப். தடுக்காதது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுக்கி விழுந்தவர்களைப் பார்த்த பிறகு வைத்த பெயராகத்தான் இருக்கும்.

அப்புறம் எஞ்சின். முதலில் அது படகின் நடுவில் இருந்தது, அதிலிருந்து தண்டு நேராகப் பின்னால் சரிந்து ப்ரொப்பெல்லருக்குப் போகும். எஞ்சினைப் பின்னால் தள்ளினால் மூக்கு லேசாகும், மூக்கு லேசானால் தண்ணீரில் படும் பரப்பு குறையும், வேகம் கூடும். ஆனால் பின்னால் தள்ளினால் தண்டுக்கு இடமில்லை. என்ன செய்தார்கள் என்றால் எஞ்சினையே திருப்பி வைத்துவிட்டார்கள். அதன் சக்தி முன்பக்கம் போய் ஒரு கியர் பெட்டியில் நுழைந்து, வி எழுத்து மாதிரி மடங்கி, எஞ்சினுக்கு அடியிலேயே பின்னோக்கி வரும். வி-டிரைவ் என்பது இதுதான். கார் ரேஸுக்குக் கியர் செய்த ஹாலிபிராண்ட் கூட இந்தப் பெட்டிகளைச் செய்தார்கள். மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தை மாற்றிப் போட்டால் அன்றைய பந்தயத்துக்கு வேறு விகிதம். ரேஸுக்கு ஓடிய பல படகுகளில் ரிவர்ஸ் கிடையாது, ஓடுகிற எஞ்சினை நியூட்ரலுக்கு மாற்றவும் வழி கிடையாது. எஞ்சின் பற்றினால் படகு கிளம்பிவிடும். எதற்கும் ஒரு கைத்துடுப்பு உள்ளே கிடக்கும், கரைக்கு வந்து சேர.

மூக்கு லேசானதும் இன்னொரு வம்பு வந்தது. அடியில் காற்று புகுந்தால் மூக்கு தூக்கும். தூக்கி, விழுந்து, தூக்கி, விழுந்து, டால்ஃபின் மாதிரி துள்ள ஆரம்பிக்கும். ஒரு துள்ளலில் தூக்கியது இறங்காமலே போகலாம். அதற்கு அமரத்தில் கீல் போட்டு ஒரு ஜோடித் தகடு: கேவ் பிளேட். இடது பாதத்தின் கீழே ஒரு பெடல். தகடு கீழே இறங்கினால் மூக்கு அடங்கும், மேலே போனால் மூக்கு விடுபடும். வலது கால் வேகத்துக்கு, இடது கால் அந்த வேகத்துக்குக் கடிவாளம். ஒரு பந்தயம் முழுக்க அந்த இடது கால் சும்மாவே இருக்காது என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தன் இடது பாதத்தை அசைத்துக் காட்டினார். அவர் ரேஸ் ஓட்டியவர் இல்லை.

கவரிங் நகை

நடுவில் என் பங்குக்கு ஒரு நாசவேலை நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்தக் காலத்துப் படகுகளின் மேல்பக்கம் மெட்டல்ஃப்ளேக், அதாவது ஜிகினா. வெயிலில் பார்த்தால் தேர்த்திருவிழாப் பொட்டிக்கடை மாதிரி இருக்கும். இதைச் செய்த முறை தலைகீழ். அச்சின் உள்பக்கம் மெழுகு தடவி, முதலில் நிறமில்லாத ஜெல்கோட் என்ற மேல்பூச்சு, அதன்மேல் ஜிகினா கலந்த ஜெல்கோட், அப்புறம்தான் ஃபைபரும் ரெசினும். கடைசியாகப் பூச வேண்டிய வண்ணத்தை முதலில் பூசி, தோலிலிருந்து உள்நோக்கி எலும்பு வரை வருவார்கள். அறுபதாண்டு வெயிலில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு மங்கிப்போயிருந்தது. வாட்டர் பேப்பரில் பதமாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் மீண்டுவிடும். பதமாக. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு மூலையைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டேன். தங்க நிறம் திடீரென்று வெள்ளிப் புள்ளியாகிவிட்டது, முலாம் போன கவரிங் வளையல் மாதிரியே. அந்த ஜிகினாத் துகள் ஒவ்வொன்றும் உள்ளே வெறும் அலுமினியம், நிறமெல்லாம் வெளித்தோலில்தான். தலையைச் சீவினால் போச்சு. உள்ளங்கை அகலம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ அடிப்பக்கம் வா, அங்கே ஜிகினா இல்லை" என்றார். அப்படித்தான் நான் அடிக்கு வந்து சேர்ந்தேன்.

மூன்று சந்தேகக் கைதிகள்

அடியில் ஆறடி அலுமினிய மட்டக்கோலை வைத்துப் பார்த்தோம். அமரத்திலிருந்து முன்னோக்கி ஓரடிச் சொச்சத்தில் கோலுக்கும் அடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பின்விளிம்பு கொஞ்சம் தண்ணீர்ப் பக்கமாகக் குனிந்து, அதற்கு முன்னால் குழிவாக இருந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தார். பதினாறில் ஒரு பங்கு அங்குலம். எங்கள் தாத்தா வாய்ப்பாட்டில் மாகாணி. நான் இதெல்லாம் ஒரு குழியா என்றேன். இதற்குப் பெயர் ஹூக் என்றார். பின்விளிம்பு கீழே குனிந்திருந்தால் ஓடுகிற தண்ணீர் அதில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்கும். பின்பக்கம் தூக்கினால் மூக்கு தாழும், நனையும் பரப்பு கூடும், வேகம் போகும். நேர்மாறாக விளிம்பு மேலே வளைந்திருந்தால் ராக்கர், மூக்கு தூக்கித் துள்ளும். அந்த வேகத்தில் மாகாணி அங்குலத்துக்கு இவ்வளவு பேச்சு உண்டு.

இது எங்கிருந்து வந்தது? இரண்டு வாரம் அதே விசாரணை. முதல் கைதி டிரெய்லர். படகைத் தாங்கும் கட்டைகள் அமரம் வரை நீளாமல் முன்னாலேயே முடிந்துவிட்டால், எஞ்சின் பாரத்தோடு பின்முனை அந்தரத்தில் தொங்கும். வருஷக்கணக்கில் தொங்கினால் குனிந்துவிடும். இரண்டாவது, பட்டறை அவசரம். ரெசின் முழுக்க இறுகும் முன்பே அச்சிலிருந்து உருவினால் அடி நெளிந்துபோகும். வாரக்கடைசிக்குப் படகு வேண்டும் என்று வாசலில் ஆள் நின்றால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? புதுப் படகு வாங்கிய ரேஸ்காரர்கள் முதல் வேலையாக அடியைக் கவிழ்த்துப் போட்டு மட்டம் பார்த்தது இதனால்தான். மூன்றாவது, உள்ளே நீளவாக்கில் ஓடும் மரச் சட்டங்கள். மேலே ஃபைபர் போர்த்தியிருந்தாலும், ஒரு திருகாணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் மரம் உளுத்துப்போகும், அடி நிலையிழக்கும். அந்தச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தோம், ஒன்று மட்டும் அமரத்தருகே பொத்தென்று சத்தம் கொடுத்தது. அவர் கேஸை மூடிவிட்டார். உளுத்த சட்டம், குனிந்த அடி. சட்டத்தை மாற்று, அடியை மட்டமாக்கு.

அமரத்தில் கேவ் பிளேட் கீல் பொருத்திய போல்ட் ஓட்டைகளுக்குச் சற்று மேலே, அடைத்துப் பூசிய இன்னொரு வரிசை ஓட்டைகள் இருந்தன. அதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். யாரோ முதலில் தப்பாகத் துளைத்திருப்பார்கள் என்று இருவரும் நினைத்தோம்.

பென்சில் கோடு

அடியில் கறுப்புப் பொடி தூவி நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் மேடு எது பள்ளம் எது என்று தெரிந்துவிடும். தேய்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளை ஜெல்கோட் மெலிந்து, அடியில் ஃபைபரின் பச்சை கலந்த மஞ்சள் தெரிய வேண்டும். பின்விளிம்பில் தெரிந்ததோ செங்கல்பொடி நிறம். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். அந்தச் செந்நிறம் அமரத்தின் விளிம்பில் தடிமனாகவும் முன்னால் வர வர மெலிந்தும், படகின் இந்த அகலத்திலிருந்து அந்த அகலம் வரை ஒரே சீராக ஓடியது. ரெசினில் பொடி கலந்து வைத்த பட்டி. அது மெலிந்து முடியும் இடத்தில், பழைய அடியின் மேல், ஒரு பென்சில் கோடு. நேரான கோடு. அதன் ஒரு முனையில் அமரத்தைப் பார்த்த சின்ன அம்புக்குறி.

அவரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். எழுந்து போய் அமரத்தில் அந்த மேல் வரிசை ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். விளிம்பு கீழே வந்ததால் கீலையும் கீழே இறக்கியிருக்கிறான். டிரெய்லரும் இல்லை, அச்சும் இல்லை, உளுத்த சட்டமும் இல்லை. ஒருவன் இந்தப் படகைக் கவிழ்த்துப் போட்டு, கோடு போட்டு, அளந்து, பட்டி வைத்து, இழைத்து, மேலே ஜெல்கோட்டும் பூசியிருக்கிறான். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

அவன் பயந்திருக்கிறான் என்று தோன்றியது எனக்கு. ஒரு திருப்பத்திலோ நேர் ஓட்டத்திலோ மூக்கு ஒரு முறை இறங்காமல் நின்றிருக்கும். ஃபின், நான்-ட்ரிப், கேவ் பிளேட் என்று அதுவரை அவர் சொன்னதெல்லாம் அப்போதுதான் எனக்கு ஒரே வரிசையில் நின்றது. வேகத்துக்கு ஒரு சப்பைப் பலகையும் பெரிய எஞ்சினும் போதும், அது முதல் நாளே கிடைத்துவிட்டது. மிச்சம் எல்லாம் யாரோ பயந்து சேர்த்தவை. யார் எவ்வளவு வேகம் போனான் என்பது கேடயத்தில் இருக்கும், பயந்தவன் கணக்கு அடியில் மட்டும்தான் இருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது அந்த அடி தரையைப் பார்த்திருக்கும்.

அந்தப் பட்டி அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "செய்தவர் அச்சிலிருந்து எப்படி எடுத்தாரோ அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வந்தவன் வைத்ததெல்லாம் அழுக்கு" என்றார். அச்சிலிருந்தே நெளிந்து வந்திருந்தால்? அப்போது அந்த நெளிவுதான் சரி என்பாரா? கேட்டேன். பதில் சொல்லாமல் கிரைண்டரைத் தேடப் போனார். படகு அவருடையது, சனிக்கிழமை மட்டும்தான் என்னுடையது. ஒன்று மட்டும் செய்தேன். அவர் வருவதற்குள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கிழித்து, அடியின் ஓரத்தோடு ஒட்டி நிறுத்தி, அந்த வளைவைப் பென்சிலால் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டேன். பட்டி அரை மணி நேரத்தில் செம்பொடியாகப் பறந்தது. கோடும் போயிற்று. உளுத்த சட்டத்தை மாற்றினோம், கீலைப் பழைய ஓட்டைகளுக்கு ஏற்றினோம், மட்டக்கோலின் கீழே ஒரு மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. மேல்பக்கத்தில் நான் தேய்த்த உள்ளங்கை அகல வெள்ளிப் புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, அதைச் சரிசெய்யப் புது ஜிகினா தெளிக்க வேண்டும், நிறம் சேராது.

ஏப்ரலில் பார்க்கர் பக்கம் ஆற்றுக்குக் கொண்டுபோனோம். விடிந்தும் விடியாத நேரம், தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. நான் பக்கத்து இருக்கையில், காதில் பஞ்சு, மடியில் கைத்துடுப்பு. எஞ்சின் பற்றியதும் முதுகு இருக்கையில் அறைந்தது. 60 மைல் வரைக்கும் மிதப்பது மாதிரி இருந்தது, சொல்லப்போனால் அவ்வளவு அழகாக எதிலும் நான் போனதில்லை. 70ஐத் தொட்டபோது மூக்கு ஒரு முறை தலையாட்டியது. மறுபடி. மூன்றாவது முறை எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. அவர் இடது பாதம் பெடலில் இறங்குவதைப் பார்த்தேன், மூக்கு தொப்பென்று தாழ்ந்தது, தண்ணீர் முகத்தில் அடித்தது. கரைக்கு வந்து வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். புவியீர்ப்பு மையம், எரிபொருள் தொட்டி, ப்ரொப்பெல்லர் என்று திரும்பும் வழியெல்லாம் நான்கு மணி நேரம் பேசினார். பட்டியைப் பற்றிப் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. அவர்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டார், அன்றைக்கு நீ ஏதோ அட்டையில் வரைந்தாயே, அதைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்று. கராஜில் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். எடுத்துவந்து கொடுத்தேன். தூசியை ஊதிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் அந்த வளைவை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சனிக்கிழமை படகைப் புரட்ட வேண்டும், எட்டு மணிக்கு வந்துவிடு என்றார்.